பீமன் கூப்பிடாத பெயர்

மணியோசை கேட்டதும் வேங்கடேசன் உட்கார்ந்திருந்த முக்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கையில் பாதி பஞ்சர் ஒட்டிய டியூப். சாலையில் தேவநாதன் சைக்கிளில் போனார். அந்த மணியோசை புளியமரத் திருப்பத்தில் தேயும்வரை வேங்கடேசன் சுவரில் இருந்த பழைய டயர் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, விட்ட இடத்திலிருந்து உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். டியூபின் சொந்தக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இது வெயில், மழை மாதிரி.

வளவனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊருக்கு வேங்கடேசனுடையது ஒன்றுதான் சைக்கிள் கடை. வாடகைக்கும் சைக்கிள் கிடைக்கும். பிரேக் கிடைக்காது. "பிரேக்கு எதுக்கு? மோதுறதுக்கு முன்னாடி எறங்கிக்கோ" என்பார். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வருகிறவர்களுக்கு ஒரு பிடி அள்ளித் தருவார். பேரம் பேசுகிறவர்களுக்குத் தோல் மட்டும். ஆறடிக்குக் குறையாத ஆள், ஊசி என்றால் நடுங்குவார். தடுப்பூசி போடும் நர்சம்மா ஊருக்குள் வந்தால் கடைக்குப் பூட்டு.

வேங்கடேசன் என்ற பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் பீமன். திரௌபதி அம்மன் திருவிழாவில் வெளியூர்க் குழுதான் பாரதக் கூத்து ஆடும். ஆனால் கடைசி நாள் காலையில் நடக்கும் படுகளத்தில் மட்டும் பீமனும் துரியோதனனும் ஊர்க்காரர்கள். பீமன் வேஷம் வேங்கடேசன் வீட்டுக்கு, துரியோதனன் வேஷம் தேவநாதன் வீட்டுக்கு. அப்பன், பாட்டன் காலத்துப் பாத்தியம்.

அதனால்தான் வேங்கடேசனின் தங்கை அம்சாவைத் தேவநாதனுக்குக் கட்டிக்கொடுத்தபோது பந்தலில் ஒரே சிரிப்பு. "பீமன் ஊட்டுப் பொண்ணு துரியோதனன் ஊட்டுல வாயுமா?" என்றார்களாம். வாழவில்லை. குழந்தை இல்லையென்று தேவநாதன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அடுத்த தையில் பூமாலை என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து முக்காலி திரும்புகிறது.

படுகளம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் எதிரே துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். ஒரு வீட்டின் நீளம் இருக்கும். முறைக்கிற கண், முறுக்கிய மீசை. தொடைக்குள் குங்குமம் கரைத்த பானை புதைந்திருக்கும். பீமன் கதாயுதத்தால் ஓங்கி அடிப்பான், சிவப்பு தெறிக்கும். வேஷக்காரத் துரியோதனன் அந்த மண் மார்பின் மேலேயே விழுந்து செத்துக் கிடப்பான். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் வழக்கம். அடித்தவன் மஞ்சள் தண்ணீர் தெளித்து, செத்தவனை அவனுடைய சொந்தப் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். அடித்தவன் கூப்பிடாவிட்டால் ஆள் எழுந்துவிடுவான், ஆனால் உயிரில் ஒரு பாதி அந்த மண்ணிலேயே தங்கிவிடும். மழை பெய்து மண் கரையக் கரைய அவனும் கரைவான். அப்படித்தான் சொல்கிறார்கள்.

அம்சா வீடு திரும்பிய வருஷத்திலிருந்து வேங்கடேசன் கூப்பிடுவதில்லை. அடித்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பார். பூசாரி விருத்தாசலம் தண்ணீர் தெளித்து, "தேவநாதா" என்று கூப்பிட்டுச் சமாளிப்பார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, களத்துக்கு வெளியே ஓர் அடி இல்லை. ஊரே பார்க்க, சாமி முன்னால், ஒருவனைச் சாவிலேயே விட்டுவிட்டு வருவதுதான் அவர் பழி.

நான் எண்பத்தைந்தில் விழுப்புரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பொழுதுபோக உட்காரும் சைக்கிள் கடையில் எனக்குப் பெயரே பி.ஏ. ஆங்கில வகுப்பில் பழிவாங்கும் கதைகள் நிறையப் படித்திருந்தோம். பாழ்மாளிகை, நிலவறை, அணைகிற விளக்கு. பழிக்கு ஏற்ற இடம் அமைந்தால் பாதிக் கதை முடிந்தது என்பார் பேராசிரியர். வேங்கடேசனிடம் அதில் ஒன்றைச் சொன்னேன். ஒருவன் தன் எதிரியைப் பழைய மணிக்கூண்டின் உச்சிக்கு அழைத்துப்போய், உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறான். கூண்டே பாழாகிப் போன பிறகும் அவன் காதில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

வேங்கடேசன் ஒரு மல்லாட்டையை உடைத்தார். "வெள்ளக்காரனுக்கு இன்னா வேலை? நம்ம ஆளு பூட்டியிருந்தான்னா சாவியத் தொலச்சிட்டு ஊரெல்லாம் தேடிக்கினு இருப்பான்" என்று சிரித்தார். சற்றுக் கழித்து, "எந்நேரமுமா அடிச்சிது, பி.ஏ.?" என்று கேட்டார்.

கதையில் வருவதுபோல் பழிவாங்கும் ஒரு மனிதர் பக்கத்திலேயே கிடைத்துவிட்டாரே என்று உள்ளுக்குள் நான் மகிழ்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மகிழ்ச்சி சரியா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த வருஷம் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள், பூமாலை கடைக்கு வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாலையோரமாகவே நின்றாள்.

"அண்ணே, அவரு சோறு துன்றதில்ல. போன வருசத்து மண்ணு மேடு கீதில்ல, அங்கயே போயி குந்திக்கினு கீறாரு. இன்னான்னு கேட்டா, 'என் பாதி இங்க கீது'ன்றாரு. வைத்தியம் பாத்தாச்சி, மந்திரிச்சாச்சி. இந்த வாட்டி நீ ஒரு தபா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடுண்ணே."

வேங்கடேசன் திரும்பவில்லை. "எந் தங்கச்சி வாழ்க்க போனப்ப எந்த அண்ணனாண்ட போயி நின்னீங்க?" என்று டயரைப் பார்த்துச் சொன்னார். "அவளுக்காவத்தான் நான் கூப்புடல. போம்மா."

கடைக்குப் பின்னால்தான் வீடு. பஞ்சர் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்த அம்சா வாசலிலேயே நின்றுவிட்டாள். பூமாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அம்சா குடத்தை இறக்கினாள்.

"எனக்காவ எனக்காவன்னு சொல்லிக்கினு கீறியே, என்னிக்காச்சும் என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனுக்கு ரோசம் இல்ல. எனக்குக் கீது."

"ரோசமா? அந்தாளு என்னை உட்டுட்டு எப்பவோ பூட்டாரு. அந்தாளு மணியடிச்சிக்கினு போவசொல்லோ எல்லாம் உம் மூஞ்சைப் பாத்துப் பாத்து நான்தான் தெனம் தெனம் அந்தாளு கொண்ணாந்து உட்ட அதே வாசல்ல வந்து நிக்கிறேன். கூப்புடு, கூப்புடாத போ. எம் பேர்ல கணக்கு எழுதாத."

தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். வேங்கடேசன் அன்று யாருக்கும் மல்லாட்டை தரவில்லை.

படுகளத்தன்று காலை வெயில் கொளுத்தியது. துரியோதனன் கிரீடம் தேவநாதன் தலையில் நிற்கவில்லை. முகம் அவ்வளவு ஒட்டியிருந்தது. உடைவாளைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கூட்டத்தில் ஒரு பக்கம் பூமாலை, மறுபக்கம் அம்சா. பீமன் உறுமிக்கொண்டு மண்ணுடலை மும்முறை சுற்றி வந்தார். கதாயுதம் இறங்கியது. பானை உடைந்து சிவப்பு நீர் பீறிட்டது. தேவநாதன் மண் மார்பில் விழுந்தார். அவர் விழுந்த விதம் எனக்கு நடிப்பாகத் தெரியவில்லை.

வேங்கடேசன் வழக்கம்போல் முதுகைத் திருப்பினார். விருத்தாசலம் செம்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். நான் வேங்கடேசனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்வை கூட்டத்தில் அம்சாவைத் தேடியது. அவள் அவரைப் பார்க்கவில்லை. கீழே கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெருவில் யாரோ விழுந்துவிட்டால் பார்ப்பதுபோல.

வேங்கடேசன் சட்டென்று திரும்பிப் பூசாரி கையிலிருந்த செம்பைப் பிடுங்கினார். தெளிக்கவில்லை, கவிழ்த்தே விட்டார். தேவநாதனுக்குப் புரையேறியது. சற்றுமுன் ஊர் அதிர உறுமிய வேங்கடேசன் குனிந்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"தேவநாதா." இரண்டாம் முறை கொஞ்சம் உரக்க. "தேவநாதா, எயிந்திரு. உம் பொண்டாட்டி நின்னுக்கினு கீறா, பாரு."

தேவநாதன் கண்ணைத் திறந்தார். மஞ்சளும் சிவப்பும் வழிய எதிரே நின்றவரை வெகுநேரம் பார்த்தார். "வேங்கடேசா" என்றார்.

என் பக்கத்திலிருந்த ஓர் இளைஞன், "யாரைக் கூப்புடறாரு?" என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

பத்து நாள் போயிருக்கும். நான் கடையில் இருந்தேன். தேவநாதன் வந்தார். ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் காற்றில்லாமல் தரையோடு தேய்ந்தது. வழக்கமாக அப்படியே வளவனூர்வரை தள்ளிக்கொண்டு போகிறவர், அன்று கடையெதிரே நின்றுவிட்டார். வேங்கடேசன் முக்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டயர் விளம்பரத்தைப் பார்த்தார். தேவநாதன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஹேண்டில்பாரைச் சாலைப்பக்கம் வளைத்தார்.

சுவரைப் பார்த்தபடியே வேங்கடேசன் கையை நீட்டி, மூலையில் சாய்த்திருந்த காற்றுப் பம்பை எடுத்து, முதுகுக்குப் பின்னால் நீட்டினார்.