வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஊரே பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில்தான் நானும் மகளும் சைக்கிளுக்கு மாறினோம். நாற்பது தாண்டிய டீச்சர் ஒருத்தி அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு பெற்றோல் வந்தது. ஊர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பியது, நாங்கள் திரும்பவில்லை. மகளுக்கு உயர்தர வகுப்பு. பின்னேரம் கல்முனையில் டியூஷன். யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய்த் தானே வருவதில் அவளுக்கு அப்படியொரு சந்தோசம்.

பிரதான வீதியில் வெள்ளைக் கோட்டுக்கும் வடிகானுக்கும் நடுவே ஓர் ஓரம் இருக்கிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியது. உரியது என்று பேர்தான்! பாதி தூரம் கடைச் சாமான், மீதித் தூரம் நிறுத்திவைத்த வாகனம். எங்கள் சந்தியிலுள்ள ஹாட்வெயார் கடை எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள், குழாய்க் கட்டுகள், தள்ளுவண்டிகள், எல்லாம் சங்கிலி போட்டுக் கட்டி இராப் பகலாக அங்கேயே நிற்கும். அந்த இடத்தில் ரோட்டுக்கு இறங்கியே ஆகவேண்டும். ஒரு பின்னேரம் மகள் அப்படி இறங்கும்போது பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது. பயந்து விழுந்தாள். முழங்கையும் முழங்காலும் உரசியதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

"இனி சைக்கிள் வேணாம். ஓட்டோவில போகட்டும், ஏலாட்டி டியூஷன உடட்டும்" என்றார் என் கணவர். தினமும் ஓட்டோ எங்களுக்குக் கட்டாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் எழுந்து போனாள். சைக்கிளைச் சுவரோடு சாத்திவைத்து, பழைய சீலையொன்றால் மூடினாள். அழுதிருந்தாலாவது எனக்குத் தாங்கியிருக்கும்.

"ரோட்டோரம் கிளியர் ஆனா உடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஆனாப் பாப்பம்" என்றார், அது ஒருநாளும் ஆகாது என்ற தைரியத்தில்.

பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் தாய்மார் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மாநகர சபைக்குப் போனேன். சபைக்காரர்களும் மறுக்கவில்லை. ஆட்கள் உழவு இயந்திரத்தோடு வந்து சாமான்களை அள்ளினார்கள். இரண்டு நாளில் எல்லாம் பழைய இடத்தில். பிறகு வீட்டு ஆண்களைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் அனுப்பினோம். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் ஈமானில் ஒரு பகுதி என்பது மதரசாப் பிள்ளைக்கும் தெரிந்ததுதானே. அடுத்த வெள்ளி ஜும்ஆவில் மௌலவியின் பயான் அதைப் பற்றியேதான். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே அந்த வழியால் வந்தேன். உள்ளே அருமையான பயான், வெளியே அதைக் கேட்கப் போனவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஓரத்தை அடைத்துக் கிடக்கின்றன! சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். என் கணவரின் மோட்டார் சைக்கிளும் அதில் ஒன்று.

கடைசியில் ஹாட்வெயார் கடை முதலாளியிடமே நேரில் போனேன்; என்னைவிட மூத்தவர், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு வாய் நீளம், பொறுமையாகத்தான் கதைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"காக்கா, இந்தத் தாங்கிகள உள்ளுக்கு எடுங்களன். புள்ளையள் ரோட்டுல இறங்கிப் போகுது."

"உங்கட புள்ளைக்கு சைக்கிள் ஓடத் தெரியாட்டி நான் என்ன டீச்சர் செய்யிற? இந்த ஓரம் என்ன, உங்கட சீதனமா?"

"இல்ல காக்கா. உங்கட வாப்பாட முதுசமுமில்ல."

அவ்வளவுதான். அதன் பிறகு எங்களுக்குள் ஸலாமும் இல்லை. அன்று மகளின் கண்ணில் படாமல் குசினிக்குள் போய் இரவுச் சமையலைத் தொடங்கினேன்.

சில வாரங்களில் அந்தக் காக்காவின் உம்மா மௌத்தாகிவிட்டார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். சண்டை சண்டையாக இருக்கட்டும், மௌத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தார்கள். நாங்கள் வீடு திரும்பும் வழியில் சந்தியில் மருந்துக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றோம். எதிர்ப்பக்கம் ஹாட்வெயார் கடை பூட்டிக் கிடந்தது. தாங்கிகள் மட்டும் வெளியே சங்கிலியில்.

ஊரில் எவ்வளவு பெரிய வாகனம் வைத்திருப்பவரும் ஜனாஸாவின் பின்னால் நடந்துதான் வருவார். சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றி மாற்றிச் சுமந்து விரைவாக நடந்து வந்தார்கள். முன்னால் மகன், அந்தக் காக்கா. தாங்கிகள் நின்ற இடத்தில் ஓரம் முடிந்தது. ரோட்டுக்கு இறங்கினார்கள். இந்தப் பக்கம் லொறியொன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு விலக இடமில்லை, பின்னால் வாகன வரிசை, அதனால் பின்னுக்கும் எடுக்க முடியவில்லை. ஜனாஸா நின்றுவிட்டது.

ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது. அதற்காகத்தானே எல்லோரும் அப்படி விரைகிறோம். அவருடைய உம்மா அவருடைய கடை வாசலில், நடு ரோட்டில், வழி கிடைக்கும்வரை காத்திருந்தார். காக்கா தாங்கிகளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். யா அல்லாஹ், நான் கேட்டது இப்படியல்ல. என் மனதில் கோபம் ஒரு சொட்டும் மிச்சமில்லை. மகள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கடை மறுபடி திறந்தபோது சங்கிலி இல்லை, தாங்கிகளும் இல்லை. எல்லாம் கடைக்குப் பின்னாலுள்ள வளவுக்குப் போயிருந்தன. அவர் செய்ததும் பக்கத்துக் கடைகளும் ஒவ்வொன்றாக உள்ளே ஒதுங்கின. என் கணவர் சைக்கிளின் மேல் கிடந்த சீலையை எடுத்துவிட்டு ரயருக்குக் காற்றடித்தார். அந்த மனுசனுக்கும் அன்றைக்கு மனதார நன்றி சொன்னேன்.

நன்றி சொல்ல வேண்டிய மற்றவரிடமும் போனேன். ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார். நான் வாய் திறக்குமுன், "நன்றி கின்றி ஒண்டும் வேணாம் டீச்சர். எங்கட உம்மாக்கு துஆ செய்ங்க" என்றார். "இன்ஷா அல்லாஹ், காக்கா" என்றேன், என் நீளமான வாய்க்கு அன்று அவ்வளவே போதுமாக இருந்தது.

மகள் திரும்ப சைக்கிள் ஓடத் தொடங்கிய முதல் நாள் நான் பின்னால் என் சைக்கிளில் போனேன். சந்திக்குக் கிட்டப் போகும்போது ஓட்டோ ஒன்று வந்து சரியாக அந்த ஓரத்தில் நின்றது. மகள் பிரேக் பிடித்தாள். காக்கா கடைக்குள்ளிருந்து எழும்பி வந்து ஓட்டோவின் கூரையில் தட்டினார்.

"தம்பி, எடுங்க. அதால ஆக்கள் போகணும்."

ஓட்டோ விலகும்வரை அங்கேயே நின்றார். பிறகு மகளைப் பார்த்து, "போங்க மகள்" என்றார்.

அவள் போனாள். நானும் அந்த உம்மாவுக்காக துஆ கேட்டுக்கொண்டே பின்னால் மிதித்தேன்.