திலகவதி அக்கா சொல்லாமல் விட்டது

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது திலகவதி அக்காவின் தங்கை மகள் அழைத்தாள். காலையில் பெரியம்மா போய்விட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய பிறகு எதிர்பார்த்ததுதான். ஆனாலும் இறங்கி உள்ளே போக அரைமணி நேரம் ஆயிற்று.

மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் அக்காவும் நானும் பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. யாழ்ப்பாணத்துக்காரர், கறாரானவர். "நேரமில்லை எண்டு சொல்லாதையும். விருப்பமில்லை எண்டு சொல்லும்" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் இதைப் படிக்கும் ஆய்வக நண்பர்களில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் ஒரு தீவு நகரத்தில் அவருக்கு வீடு இருந்தது பலருக்குத் தெரியாது. துறைமுகத்தருகே, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய இருநூறு வருடக் கல்வீடுகளின் வரிசையில் ஒன்று. அக்காவின் கணவர் அங்கே டாக்டர். ஒரு மார்கழியில் பக்கத்துத் தீவில் நோயாளியைப் பார்க்கப் படகில் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு நியூ ஜெர்சிக்குத் தங்கையிடம் வந்துவிட்டார். விற்கவில்லை, வாடகைக்கு விடவுமில்லை. "அவருக்குத் தெரிஞ்ச விலாசம் அது ஒண்டுதான்" என்று ஒருமுறை சொன்னார்.

இருபத்தாறு வருடம் அப்படியே போனது. பிறகு பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவின் கூரையில் ஓடுகள் பெயர்ந்து, மழைத்தண்ணீர் பொதுச்சுவர் வழியே தன் வீட்டுக்குள் இறங்குவதாக எழுதியிருந்தார். அது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் அக்கா பிரிக்கவே இல்லை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

கதவு ஊறிப்போயிருந்தது. தோளால் முட்டித்தான் திறந்தோம். மாடிப்படி இற்றுக் கிடந்தது. கணவரின் கோட்டு பூஞ்சை பிடித்து ஆணியிலேயே தொங்கியது. அக்கா அதைத் தொடவில்லை. வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த அம்மா சில வருடங்களுக்கு முன்புதான் அந்த ஊருக்கு வந்தவர். அக்காவின் கதை அவருக்குத் தெரியாது. தேநீர் கொடுத்துவிட்டுப் படுக்கையறையைக் காட்டினார். சுவர் மேலிருந்து கீழ்வரை கறுத்திருந்தது. நுரையீரல் நோயோடு தன் கணவர் கடைசி இரண்டு குளிர்காலமும் அந்தச் சுவரோரம்தான் படுத்திருந்தார் என்றார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தவறு முழுக்கத் தன்னுடையது என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே வீட்டை விற்க எழுதிக்கொடுத்தார். கப்பலில் திரும்பும்போது, உங்கள் கணவர் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் அவ மன்னிச்சிருப்பா. அவவின்ரை மனுசனும் செத்துத்தானே போனார். அவ ஏன் என்னை மன்னிக்கவேணும்?"

அதன்பின் நாலு வருடம் இருந்தார். அந்த வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. நிம்மதியாகப் போனார் என்று எழுத ஆசைதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். யாருக்காவது கெடுதல் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கப் போகும்போது, என் கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லாமலிருக்கப் பார்க்கிறேன். இதுவரை ஒருமுறைதான் முடிந்திருக்கிறது.