பிசைந்த மாவால் செய்த பாதங்கள்

வெள்ளம், புயல் என்று வந்தால் முகாம்களில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் வடசென்னையில் வகுப்பு என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். ஒரு பெருமழை ஓய்ந்த பிறகு எண்ணூரில் நடத்திய வகுப்பை மட்டும் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இடம் ஒரு பழைய கல்யாண மண்டபம். அந்த மழையில் அதுதான் முகாமாக இருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புயரத்துக்கு இருந்தது. மேடையில் மாப்பிள்ளை, பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டும் ஊறி, காய்ந்து, பூஞ்சை பிடித்துக் கிடந்தன. ஜன்னல் விளிம்பில் கை வைத்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டியது.

காலையில் பாடம். மதியம் ஒத்திகை. மண்டபத்தையே முகாம் போல அமைத்து, தாய்மார்கள் குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்க, பணியாளர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து, எந்தக் குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தாய்மார்களாக நடிக்க அந்தப் பகுதி மகளிர் குழுப் பெண்கள் வந்திருந்தார்கள். குழந்தைகளுக்குப் பதில் பொம்மைகள்.

பொம்மைகளை வியாசர்பாடியில் துணி தைக்கும் பெண்களிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தோம். பழுப்புத் துணி, எடைக்கு உள்ளே மணல். முகம் தைக்கவில்லை. முகம் இருந்தால் பணியாளர்கள் கொஞ்ச ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதங்களுக்கு மட்டும் நான் ஒரு வேலை செய்தேன். சத்துக் குறைவு முற்றினால் சில குழந்தைகளுக்குப் பாதம் நீர் கோத்து வீங்கும். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். அதைக் கையால் உணர வேண்டும் என்பதற்காக, மைதா மாவைப் பிசைந்து குட்டி சாக்ஸில் அடைத்துச் சில பொம்மைகளுக்குக் கட்டியிருந்தேன்.

முகாம் திறந்திருக்கிறது என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பதும் பயிற்சியில் சேர்த்திதான். “இது ஒத்திகை மட்டுமே” என்று முதலிலும் முடிவிலும் சொல்லச் சொல்லியிருந்தேன். அன்று கடல் காற்று பலமாக இருந்தது.

ஒத்திகை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அதுவரை குழுப் பெண்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் குறைந்ததும் பேச்சு அடங்கியது. ஒருத்தி மடியிலிருந்த பொம்மையின் முதுகை மெல்லத் தட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவளும் தட்டினாள். யாரும் அவர்களிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வரிசை முழுவதும் முன்னும் பின்னுமாக ஆடியது. நிஜ முகாமில் அழுகைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. இங்கே இத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூட அழவில்லை. நான்தானே ஏற்பாடு செய்தேன், ஆனாலும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

வரிசையின் கடைசியில், மேடையை ஒட்டி, நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் மட்டும் ஆடவில்லை. போர்வையால் சுற்றிய மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் குந்தியிருந்தவர் எங்கள் பணியாளர்களில் ஒருவர். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வெள்ளத்தில் படகு இழுத்தவர்.

“புள்ளைக்கு இன்னாம்மா?”

“பேதி. இப்ப நின்னுட்ச்சி. தூங்கிகினே கீது.”

“பால் குடிக்குதா?”

“வாய தொறக்க மாட்டேங்குது.”

“அயுவுதா?”

“முன்ன அயும். இப்ப அயறதில்ல.”

நடிப்புக்காக நான் எழுதிக்கொடுத்திருந்த பதில்களும் ஏறக்குறைய இவைதான். நன்றாகப் பாடம் பண்ணியிருக்கிறாளே என்று நினைத்தேன். அவர் போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைப் பிடித்து அழுத்தினார். விரலை எடுத்துத் தடவிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“வீக்கம் கீது மேடம். பள்ளம் அப்டியே நிக்குது. மாவு நல்லா சில்லுனு கீது.”

“சரி, அடுத்து மேல்கை சுத்தளவை அளந்து பாருங்க” என்றேன்.

அப்போதுதான் மகளிர் குழுத் தலைவி பின்வாசல் வழியாக வந்தார். அவர் இடுப்பில் ஒரு பொம்மை இருந்தது.

“ஒருத்திக்கு ஜொரம் மேடம், வரல. இது மிச்சம்” என்று என்னிடம் நீட்டினார்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். மிச்சம் என்றால், வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லை. கடைசிப் பெண்ணைக் காட்டி, “அது யாரு?” என்று கேட்டேன்.

தலைவி கண்ணை இடுக்கிப் பார்த்தார். “தெர்லயே. எங்க குழு இல்ல.”

அந்த நேரம் ஆட்டோக்காரர் போர்வையை விலக்கிவிட்டார். கையிலிருந்த அளவு நாடா தரையில் விழுந்தது.

ஒரு வயது தாண்டிய ஆண் குழந்தை. கன்னம் உப்பி, தலைமுடி செம்பட்டையாகி, கண் பாதி திறந்திருந்தது. நான் குனிந்து மார்பில் கை வைத்தேன். உள்ளே ஏதோ மிக மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் சூடு ஏறவே இல்லை.

அதன் பிறகு எல்லாம் அவரவர் கையில் தானாகவே நடந்தது. காலையில் நான் போர்டில் எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண் டீ வைத்திருந்த இடத்திலிருந்து சர்க்கரையும் சூடான தண்ணீரும் கொண்டுவந்து கலக்கி ஆற்றினாள். நான் ஸ்பூனின் நுனியால் அவன் உதட்டில் விட்டேன். முதல் சொட்டு வாயோரம் வழிந்தது. இரண்டாவதும். அடுத்ததற்குத் தொண்டை அசைந்தது. சிறுநீரில் நனைந்திருந்த துணிகளைக் கழற்றி, அவனைத் தாயின் நெஞ்சோடு தோல் ஒட்டப் படுக்கவைத்து, தலைக்குத் துணி சுற்றினோம். அவள் உடம்பிலும் சூடு அதிகம் இல்லை. அவளுக்கும் டீ கொடுத்தோம். கொடுத்ததைக் குடித்தாள்.

ஆட்டோக்காரர் தன் வண்டியிலேயே எங்களை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவர் ரோட்டோர மண்ணில் இறக்கி ஓட்டினார். எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிடத்துக்கு ஒரு சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் விட்டுக்கொண்டு போனேன். சுங்கச்சாவடி தாண்டும்போது அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனைக்குட்டியைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினால் வருமே, அப்படி. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே, “இன்னா மேடம், இருக்கானா?” என்று கேட்டார். “இருக்கான், நீங்க ஓட்டுங்க” என்றேன்.

மூன்று வாரத்துக்கு மேல் வார்டில் இருந்தான். வீக்கம் வடிந்த பிறகுதான் அவன் எவ்வளவு மெலிந்தவன் என்று தெரிந்தது. மருந்துப் பாலை முதலில் குழாய் வழியாகவும், பிறகு டம்ளரிலும் குடித்தான். நான் நேரம் கிடைத்தபோதெல்லாம் போனேன்.

தாய் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள். முகத்துவாரக் கரையோரம் குடிசை. வெள்ளத்துக்குப் பிறகு புருஷன் வேலை தேடி வெளியூர் போனவன் போனவன்தான். பேதி பிடித்ததிலிருந்து கஞ்சித் தண்ணி மட்டும் கொடுத்திருக்கிறாள். “காலு, மூஞ்சி எல்லாம் உப்புச்சா, புள்ள தேறிட்டான், கொழுகொழுன்னு கீறான்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. நானும் அதாங்காட்டியும்னு இருந்துட்டேன்.” அன்றைக்கு மைக்கில் ‘முகாம்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்ததாம். போன மழையில் அங்கேதான் சோறு போட்டார்கள். அதனால் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“உள்ள வந்ததும் பயமா இல்லையா? இருட்டா வேற இருந்துதே” என்று ஒரு நாள் கேட்டேன்.

அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

“இல்லக்கா. வரிசையா குந்தினு இருந்தாங்க. ஒரு கொயந்தையும் அயல. எல்லார் புள்ளையும் எம்புள்ள மாதிரியே கம்முனு கீதேன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்தவ துணிய வெலக்கினா, நான் பாத்தேன். மூஞ்சி இல்ல.”

“அப்போ என்ன நினைச்ச?”

“இன்னா நெனைக்கிறது. அவளுது முன்னாடியே போயிட்ச்சி போலன்னு நெனச்சேன். அடுத்தது நம்பளுதுன்னு தோணிச்சி. பயம்லாம் இல்லக்கா. எல்லாரும் ஆட்டிகினு இருந்தாங்க. எனக்கு மட்டும் கை வரல.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். ஒரு சுளை அவளுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டாள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் குடிசைக்குத் திரும்பாமல் புளியந்தோப்பில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது, ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அக்காள்தான் கதவைத் திறந்தாள். பையன் தரையில் உட்கார்ந்து முட்டையின் மஞ்சள் கருவைக் கையால் பிசைந்து தின்றுகொண்டிருந்தான். அருகே போய் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நகர்ந்துவிட்டான்.