விரதத் துண்டில் ஒரு வார்

கத்தி நுனி தையலுக்கு அடியில் புகுந்து இழை இழையாக அறுத்துக்கொண்டு போனது. நூல் மட்டும்தான் அறுபட வேண்டும். தோலில் கீறல் விழக் கூடாது. இடது கை வாரை இழுத்துக் கொடுக்க, வலது கை அவசரமில்லாமல் வேலை செய்தது. நல்ல செருப்பு. எருமைத்தோல் அடி, இரண்டு அடுக்கு. அந்தக் கைகள் தமக்கென்று தைத்துக்கொண்ட ஒரே செருப்பு அதுதான். இப்போது அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தன.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பூட்டிய கடையின் வராந்தா. சுவரில் சாய்ந்து, இடது பாதத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தான் மகாராஜா. கரமனையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர்.

"எதுக்குலே நல்ல செருப்ப அறுக்க?" என்றான்.

"எனக்க செருப்பு. நான் அறுப்பேன்."

"போட மாட்டேன், கேட்டியா? நேர்ச்சை தப்பிரும்."

பிச்சைக்கனி குனிந்தபடி அடுத்த இழையை அறுத்தான்.

கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கும் இடத்தில், ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்பும் குடையும் தைப்பவன் பிச்சைக்கனி. மாசி மாதம் வந்தால் கடையைக் கட்டிவிடுவான். பச்சை வேட்டியும் பச்சைத் துண்டுமாக, மாலை போட்டு, திருச்செந்தூருக்கு நடக்கும் தமிழ்க் கூட்டத்தோடு கிளம்பிவிடுவான். கிளம்புகிற இடத்திலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். திரும்பி வருகையில் போட்டுக்கொள்ள, எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வேனில் ஏறும். ஜோடி மாறாமல் சணலால் கட்டுவது பிச்சைக்கனியின் வேலை. யாரும் அவனை நியமிக்கவில்லை. முதல் வருசம் யாரோ, "பிச்ச இருக்கானே, அவனுக்குத் தெரியாத செருப்பா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் வருசா வருசம் அவன்தான்.

ஆனாலும் அந்த நடை அவனுக்குப் பிடிக்கும். கோட்டையில் அவனிடம் பேசுகிறவர்கள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து தங்கள் காலைப் பார்த்தபடியேதான் பேசுவார்கள். சாக்கு வேனில் ஏறியதும் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். எல்லாம் வெறுங்கால். சரக்கு மாஸ்டர் காலும் முதலாளி காலும் ஒரே தாரில் வேகும். மகாராஜாவுக்குப் பின்னால்தான் எப்போதும் நடப்பான். ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்தால் ஒரு கட்டத்தில் முதுகு மறைந்து, சொந்த யோசனைதான் முன்னால் நடக்கும். இன்று காலை அவனுக்கு முன்னால் நடந்தது அந்தப் பழைய சிரிப்பு. அவர்கள் சிரித்ததில் அவனுக்குக் கோபமில்லை. தான் எதற்குச் சிரித்தோம் என்பதுதான் பிடிபடவில்லை.

பாலராமபுரம் தாண்டியதும் வெயில் ஏறியது. ஆட்கள் குதித்துக் குதித்து, ரோட்டோர வெள்ளைக் கோட்டில் கால் வைக்க இடம் தேடினார்கள். மகாராஜா மட்டும் நடுத்தாரில் நிதானமாக நடந்தான்.

"இந்த வருசம் முருகன் வலியையே எடுத்துட்டான் அண்ணாச்சி!" என்று முன்னால் கூவினான்.

கூட்டத் தலைவர் பகவதிப்பெருமாள் அண்ணாச்சிக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. அவர் நின்று, மகாராஜா தாரில் நடப்பதைப் பார்த்தார். "அரோகரா!" என்றார். கூட்டமே அரோகரா போட்டது. பெண்கள் மகாராஜாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வேலாயுதத்தை அவன் கையில் கொடுத்து முன்னால் நடக்கவிட்டார் அண்ணாச்சி. மகாராஜாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பிச்சைக்கனி அதுவரை பார்த்ததில்லை.

பார்த்தது அதை மட்டுமல்ல. வெள்ளைக் கோட்டைத் தாண்டுமிடத்தில் இடது கால் பதிந்த ஒவ்வொரு தடமும் சிவப்பாக இருந்தது.

மோர்ப்பந்தலில் மகாராஜா உட்கார்ந்ததும் பிச்சைக்கனி அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். குதியில் ஒரு கண்ணாடிச் சில்லு, பாதி உள்ளே. விரலிடுக்கெல்லாம் கொப்புளம்.

"கண்ண மூடுலே. நான் எந்த வெரல தொடுதேன்? சொல்லு."

மகாராஜா கண்ணை மூடினான். பிச்சைக்கனி பெருவிரலை அழுத்தினான், பிறகு நடுவிரலை.

"தொடுலே முதல்ல. எதுக்கு வெயிட் பண்ணுத?" என்றான் மகாராஜா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சில்லை எடுத்துக் கட்டுப் போட்டார். சுகர் முற்றிக் கால் மரத்துவிட்டது என்றார். ரெண்டு நாள் ஓய்வு. அப்புறமும், மலையாளமும் தமிழுமாக, "செருப்பில்லாதெ ஒரு அடி வைக்கருது, வைக்கக் கூடாது. கால் போகும்" என்றார். மகாராஜா தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் வேல் எங்கே என்று கேட்டான்.

அவர்களை ஏற்றி வந்த வேன் திரும்புமுன், பிச்சைக்கனி சாக்கை வராந்தாவில் இறக்கிப் பிரித்தான். மகாராஜாவின் ரப்பர் செருப்பு உதவாது. வார் விரலிடுக்கில் போய்க் கொப்புளத்தை அறுக்கும். அகலமான வாரோடு, மெத்தென்று, கட்டுக்கும் இடம் விட்டுப் புதிதாகத்தான் தைக்க வேண்டும். கத்தியும் ஊசியும் நூலும் எப்போதும் போல இடுப்புப் பையில் இருந்தன. அடிக்குத் தன் செருப்பு இருந்தது. மெத்தைக்கும் வாருக்கும் தோளில் துண்டு இருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு பல்லில் கடித்து நீளமாகக் கிழித்தான்.

அந்த நேரத்தில்தான் வேன் வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார்.

"பாறசாலையில ஆளு கூடி நிக்கு, மகாராஜா எங்கன்னு... ஏலே! என்ன செய்யுத? சாமி துணியச் செருப்புலயா தைக்க?"

"ஆமா."

"ஒனக்க புத்தி செருப்ப விட்டு எங்கலே போவும்?"

"எங்கயும் போவாது அண்ணாச்சி. அது இருக்கப்போயிதான் இவனுக்க காலு இருக்கு."

"முருகன் செய்த அதிசயத்த நீ சோதிச்சியாமே?"

"அதிசயம் இல்ல. சுகரு. டாக்டர்ட்ட கேளும்."

அத்தனை வருசமும் "நீங்க" என்றவன் "கேளும்" என்றதும் அண்ணாச்சியின் முகம் மாறியது.

"செருப்பு போட்டவன் எனக்க கூட்டத்துல நடக்க முடியாது. ரெண்டு பேரும் மாலையக் கழத்துங்க."

"மாலை கோயில்ல போட்டது. நீரு போட்டதில்ல. கூட்டம் வேணும்னா ஒமக்குள்ளதா இருக்கட்டு. ரோடு ஒமக்குள்ளது இல்ல. ரெண்டு நாள் கழிச்சு நாங்க நடப்போம். எத்தன நாளானாலும் போய்ச் சேருவோம். சாக்கு அங்க இருக்கு. இனி நீரே கட்டும்."

அண்ணாச்சி மகாராஜாவைப் பார்த்தார். "நீ வாறியாடே? வேலு ஒனக்குத்தான்."

மகாராஜா சுவரில் கையூன்றி எழப் பார்த்தான். கட்டுத்துணியில் புதிதாக ஒரு சிவப்புப் பொட்டு விரிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு அது தெரியவே இல்லை. பிச்சைக்கனி ஊசியை நீட்டிக் காட்டினான்.

"பாருலே. ரெத்தம் வருது. வலிக்கா?"

மகாராஜா குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"எனக்க மவ ஷிஜா பிள்ளைய பெத்துப் பெழச்சதுக்கு நேர்ந்தேன் பிச்ச. வெறுங்காலா வாறேன்னு சொன்னேன்."

"அவ பிள்ளையத் தூக்கிட்டு வருவா. காலு போயி கட்டையூணி நிக்க தாத்தாவக் காட்டவா வருவா? முருகன் கேட்டா எனக்க பேரச் சொல்லு. கிழக்கேகோட்டையில குடைக்குக் கீழ இருப்பான்னு சொல்லு. அவரு வந்து எனக்கிட்ட கேக்கட்டு."

மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. மெதுவாக உட்கார்ந்தான். அண்ணாச்சி சாக்கைத் தானே தூக்க முடியாமல் தூக்கி வேனில் போட்டார். வேன் போய்விட்டது.

வெயில் சாயும்வரை பிச்சைக்கனி தைத்தான். தோலுக்கு மேல் துண்டை நான்காக மடித்துப் போட்டான். முடிச்சுகளெல்லாம் அடிப்பக்கம் போனதா என்று உள்ளே கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். ஒரு முடிச்சு நெருடியது. அந்த வரிசை முழுவதையும் அறுத்துவிட்டு மறுபடி தைத்தான். இந்தக் கால் புகார் சொல்லாது. அதனால் இன்னொரு தடவையும் தடவினான்.

தைத்த செருப்பை அவன் எப்போதும் தரையில்தான் வைப்பான். வாடிக்கைக்காரர்கள் காலால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இதைத் தரையில் வைக்கவில்லை. நெஞ்சு உயரத்தில் பிடித்து நீட்டினான்.

மகாராஜா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினான்.