யாருக்கும் தோணுமே

ஒழுகும் குழாயை நான் நூல் சுற்றி நிறுத்தினால், கைகட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும் தோணுமே, மச்சான்" என்பார் என் தங்கையின் கணவர். பதினாறு வருஷமாக அந்த வார்த்தை என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "அவரு வேலையே அதுதாண்ணே, கோவிச்சுக்காத" என்று தங்கை பெருமையாகச் சிரிப்பாள்.

வேலை அதுதான். புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன் என்று ஒருவர் காப்புரிமை கேட்பார். தொழில் தெரிந்த எவனுக்கும் இது தோன்றியிருக்கும் என்று காப்புரிமை ஆபீஸில் தள்ளிவிடுவார்கள். அவர் மேல்முறையீட்டுக்கு வருவார். அதைக் கேட்க மூன்று பேர் உட்காருவார்கள். நடு நாற்காலி மாப்பிள்ளைக்கு. எச்சில் தொடாமல் காகிதம் புரட்டுவார். பென்சிலை இரண்டு முனையும் சீவி வைத்திருப்பார். சாயங்காலம் ஆனாலும் சட்டை மடிப்புக் கலையாது. எங்கப்பாகூட நல்ல நாற்காலியை அவருக்குத்தான் இழுத்துப் போடுவார். நான் பாயில்.

போன மாதம் அவரிடம் வந்தது, சிப் செய்கிற சிலிக்கான் தட்டைப் பாலிஷ் போடும் முறை. தேய்க்க ஊற்றுகிற ரசாயனக் கூழை நிறுத்திய பிறகு, தட்டைத் தூக்குமுன், அழுத்தத்தைக் குறைத்து வெறும் தண்ணீரில் கொஞ்சம் ஓட்ட வேண்டும். கீறல் விழாது. அவ்வளவுதான் சங்கதி. வேறு கம்பெனிக்காரன் கண்டுபிடித்தது. அதே மாதிரி மெஷினில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன் நான். லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

"சாதாரணத் தொழிலாளி ஒருத்தருக்கு இது தோணியிருக்குமா?" என்றார் மாப்பிள்ளை.

"கண்ண மூடிக்கிட்டுச் செய்வாங்க சார்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

எனக்குத் தோன்றவில்லையே! கீறல் விழுந்த தட்டுகளை எடுத்து எடுத்து வீசியதுதான் மிச்சம். தோன்றியிருக்கும் என்று மாப்பிள்ளை எழுதினால் நான் மடையன். தோன்றாது என்று எழுதினால் எவனோ ஒருத்தன் கெட்டிக்காரன். எழுதப்போகிற கை ஒரு தட்டையும் தொட்டதில்லை.

இடைவேளையில் வராந்தாவில் மடக்கினேன். "மாப்ள, அந்த வக்கீல் சொன்னாரே..."

உள்ளங்கையை நீட்டித் தடுத்தார். "கேஸப் பத்தி வாயத் தொறக்காதீங்க. வெளில கேக்குறத நான் காதுல வாங்கவே கூடாது."

"இருபத்திரண்டு வருஷம், மாப்ள."

"தெரியும். அதான் பயமா இருக்கு."

எப்போதும் நேராகப் பார்க்கிற மனிதர், தரையைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் விசாரணை இருக்கு. நீங்க வராதீங்க, மச்சான். கேள்வியக் கேட்டுட்டு, பதிலுக்கு உங்க மூஞ்சியத்தான் பாக்குறேன்."