இரண்டு பாதியும்

என் கணவருக்குச் சம்பளக்காரன் என்ற சொல்லே பிடிக்காது. பீலெஃபெல்ட் என்ற ஜேர்மன் நகரில் அவர் பார்சல் வான் ஓட்டிக்கொண்டிருந்தபோது கம்பனிக்காரன் கூப்பிட்டு, "சொந்தத் தொழில் என்று பதிந்துகொள், கழிவில்லாமல் முழுக்காசும் கையில் வரும்" என்றான். பழைய வானையும் இவர் தலையில் கட்டினான். இந்த மனுசன் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கேக் சாப்பிட வந்த பக்கத்துவீட்டு அண்ணை தொழிற்சாலையில் சம்பளத்துக்கு நின்றவர். "தம்பி, நோய்க் காப்புறுதி, பென்சன் எல்லாம் இனி ஆர் கட்டுறது? எனக்குப் பாதி முதலாளி கட்டுறான், பாதி சம்பளத்திலை வெட்டுறான். உமக்கு முதலாளியும் நீர்தானே? ரெண்டு பாதியையும் நீர்தான் கட்டோணும்."

"அந்தாளுக்கு எரிச்சல்" என்றார் இவர், கதவைச் சாத்தியதும்.

"அவர் சொல்லுறது சரி. கட்டுங்கோ."

"ஓம், அடுத்த மாதம் பாப்பம்."

அடுத்த மாதம் வரவேயில்லை. கொழும்பு லொட்ஜில் ஒளிந்திருந்த இவருடைய தம்பியை இங்கே எடுக்க, ஆள் கடத்தும் ஏஜென்சிக்குக் காசு போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பனிக்காலத்தில் பார்சலோடு படியில் சறுக்கி இவருடைய இடது முழங்கால் உடைந்தது. மாக்கட்டுப் போட்டுவிட்டு, ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, கால் அசையக்கூடாது, அசைந்தால் பிறகு மடங்காது என்றார் டொக்டர். முதலாளியிடம் கொடுக்கும்படி ஒரு சுகவீன விடுப்புத் துண்டும் எழுதித் தந்தார். சம்பளக்காரன் என்றால் அந்தத் துண்டுக்கு ஆறு கிழமைச் சம்பளம் வரும்.

"இதை ஆரிட்டைக் குடுக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு குடுங்கோ!"

ஆஸ்பத்திரிக் கணக்கு எங்கள் பெயருக்கே வந்தது. திங்கட்கிழமை வான் ஓடாவிட்டால் வேலை வேறொருவனுக்கு என்று கம்பனிக்காரன் போன் எடுத்தான். ஞாயிறு பின்னேரம் இவர் குளியலறையில் இருந்தபடி மாக்கட்டை வாளால் அறுத்தார். "வேண்டாம், ஐயோ, வேண்டாம்" என்று அழுதேன்.

"அழாமல் காலைப் பிடியும்" என்றார். பிடித்தேன்.

எனக்கு வான் ஓட்டத் தெரியாது. பார்சல்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிகளில் நான் ஏறினேன், அவர் ஓட்டினார். ஒவ்வொரு சந்தியிலும் கிளச்சை மிதிக்கும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். நான் ரேடியோவைக் கூட்டிவைப்பேன்.

பனி கரைவதற்குள் முழங்கால் விறைத்துவிட்டது. கிளச் மிதிக்க ஏலாது, வேலையும் போய்விட்டது. நட்டஈடு கேட்டு நானே கம்பனிக்குப் போனேன்.

"உங்கள் கணவர் எங்களிடம் வேலை செய்யவில்லையே, அம்மணி" என்றான் அவன், வெகு மரியாதையாக, நான் வெளியே போகக் கதவைத் திறந்து பிடித்தபடி.