ரகசிய வார்த்தை மடவை

அன்று வீட்டில் இருந்தது நான், அம்மா, தங்கை, பக்கத்து வீட்டு அத்தை. இல்லாதவர் நைனா மட்டும். ஏரியில் வலை விட்டிருந்தார்.

நான் அப்போது சென்னையில் வீடுகளுக்குப் புகை அலாரம் மாட்டும் கம்பெனியில் பயிற்சியில் இருந்தேன். சொந்த வீட்டில் ஒன்றை மாட்டிச் சோதித்துக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் மேலாளர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எங்கள் தெருவே அதைத் தன் பரீட்சையாக எடுத்துக்கொண்டது.

விஷயம் எளிது. புகை பட்டால் கூரையில் இருக்கும் வட்டப் பெட்டி அலறும். சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் போகும். அவர்கள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ரகசிய வார்த்தை கேட்பார்கள். சொல்லாவிட்டால் தீயணைப்பு வண்டிதான். சோதிக்கப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் அரை மணி நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள். சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன்.

அது அலறிய அலறலில் தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு தடவை அழுத்த வேண்டுமாம். ஸ்டூலில் ஏறினார்கள், அழுத்தினார்கள், காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா மட்டும் இரண்டு தடவை. அத்தைக்குப் பொத்தானில் நம்பிக்கை இல்லை.

"பொகைக்குன்னுதானே வாங்கிக்கீற? பொகையக் காட்டு" என்று தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தார். அலறியது. வீடே கைதட்டியது. அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது, நானும்தான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் நைனா கூப்பிட்டார். குரலில் வலை நிறைய மீன் விழுந்த சந்தோஷம்.

"இப்போதான் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. ஊட்ல நெருப்பாம், ரகசிய வார்த்தை சொல்லணுமாம். என்னான்ட நடக்குமா? நல்லா நாலு உட்டு கட் பண்ட்டேன்."

போனில் யார் எந்த ரகசியம் கேட்டாலும் சொல்லாதே, உடனே வை என்று ஒரு மாதமாக அவருக்குப் பாடம் எடுத்தவன் நான். 'மடவை' என்ற மீன் பெயரை ரகசிய வார்த்தையாகத் தேர்ந்தெடுத்ததுகூட அவர்தான். அதை யார் கேட்பார்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

கட்டுப்பாட்டு அறையைப் பிடித்து விவரம் சொல்வதற்குள் மணியோசை தெருமுனைக்கு வந்துவிட்டது. இறங்கியவர்கள் நெருப்பு எங்கே என்று கேட்க, அத்தை தூபக்காலை நீட்டினார். அவர்களில் மூத்தவர் ஒருவர் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்தார். அம்மா டீயும் பஜ்ஜியும் வாங்கி வரச் சொன்னார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேலாளர் சாயங்காலம் கூப்பிட்டார். பின்னால் ஆபீஸே சிரிக்கும் சத்தம். நைனா பேசிய பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எம் புள்ள படிச்சவன், அவனே சொல்லாதன்னுக்கீறான், நீ யாரும்மா?"

அலாரம் அடித்தது, தகவல் வந்தது, போன் போனது, வண்டியும் வந்தது. இதைவிட முழுதாக எவனும் சோதித்ததில்லை, திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு என்றார். வீண் அழைப்புக்கான ஆயிரத்தை மட்டும் முதல் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். டீயும் பஜ்ஜியும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய் ஆயிற்று.